ஆடி மாசத்து மண்டபத்துல ராப் கச்சேரி

பேசாதீங்க சார். பேசுனா பஞ்சு நழுவிரும், நழுவுனா மறுபடியும் ரத்தம் வரும், அப்பறம் டாக்டரம்மா என்னத்தான் திட்டும். பஞ்ச நல்லாக் கடிச்சுட்டு அந்த நாற்காலில சாஞ்சு உக்காருங்க. அரை மணி நேரம். கடவாய்ப் பல்லு பிடுங்குனவங்க எல்லாருக்கும் இதே சட்டந்தான். ஆமான்னா தலைய ஆட்டுங்க, இல்லீன்னா கையக் காட்டுங்க. மத்தத நான் பார்த்துக்கறேன்.

அதென்ன, கைப்பிடில தாளம் போடறீங்க? வலியிலயா, இல்ல மனசுக்குள்ள பாட்டு ஓடுதுங்களா? பாட்டுத்தான்னு தலைய ஆட்டறீங்க பாருங்க, எனக்கு அப்பவே தெரியும். இந்த ரிசப்ஷன்ல உக்காந்து எத்தனையோ ஆளுகளப் பார்த்தாச்சு. வலியில தட்டறவங்க கன்னாபின்னான்னு தட்டுவாங்க. நீங்க அளவாத் தட்டறீங்க. அப்ப உங்ககிட்டச் சொல்லலாம். பாட்டுத் தெரியாதவங்ககிட்ட இதச் சொல்லிப் பிரயோசனமில்லீங்க.

நானும் பாட்டுப் பைத்தியந்தான் சார். சினிமாப் பாட்டு இல்ல. இண்டி மியூசிக். அதாவது தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, போஸ்டரையும் தானே ஒட்டற பசங்க. கேக்கறதுக்கு ஆளே இருக்காது. அதுதானுங்க அதோட பெருமையே.

எப்படி ஆரம்பிச்சுதுன்னா, ஒரு நாள் இங்க வேலை முடிச்சுட்டுப் போறேன், ரேஸ் கோர்ஸ்கிட்ட மழை பிடிச்சுட்டுது. ஒதுங்கறதுக்கு ஒரு காஃபி கடை மாடிக்கு ஏறுனேன். அங்க மூணு பேரு வாசிச்சுட்டு இருந்தாங்க. பேரு என்ன தெரியுங்களா, 'ஈரத்துணி'. மொட்டை மாடில துணி காயப்போடற எடத்துல பிராக்டிஸ் பண்ணுவாங்களாமா, அதனால அந்தப் பேரு. நிவேதன்னு ஒரு பையன், கிட்டார் வாசிச்சுட்டே பாடுவான். ஷெரின்னு ஒரு புள்ள, கீபோர்டு. தரணின்னு ஒருத்தன், ஒரு மரப்பெட்டி மேல உக்காந்து அதையே தட்டுவான். பெட்டிதான் சார், வெறும் பெட்டி. ஆனா அவன் தட்டுனா உள்ள நாலு பேரு இருந்து தட்டற மாதிரி இருக்கும்.

'கொடிக்கயிறு'ன்னு ஒரு பாட்டுப் பாடுனாங்க. 'இன்னும் காயல, இன்னும் காயல, கொஞ்சம் காத்துக் கொடு'ன்னு வரும். அவ்வளவுதான், வேற ஒண்ணும் பெருசா இல்ல. நான் நனைஞ்ச சேலையோட நின்னுட்டு இருக்கறேன். பாருங்க, காலைல இருந்து பொழுதோட வரைக்கும் இங்க டாக்டரம்மா ரூம்ல பல்லு ராவற மிஷினு ங்ங்ங்னு ஓடுது, வெளிய கொழந்தைக அழுகை, வீட்டுக்குப் போனா நானும் ஃபேனுந்தான். அந்தப் பாட்டக் கேட்டதும் யாரோ என் தோள்ல இருந்த பைய வாங்கிக் கீழ வெச்ச மாதிரி இருந்துதுங்க. அழுதுட்டேன். மழைல நனைஞ்சிருந்ததால யாருக்கும் தெரியல.

அன்னைக்கிருந்து நான் முன் வரிசை. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை பொழுதோட, அதே மாடில. போகப் போக எனக்குன்னு ஒரு பொறுப்பும் வந்துருச்சு. வர்ற கூட்டம் சரியில்லீங்க சார். ஒருத்தன் டம்ளர்ல ஸ்பூனப் போட்டுக் கலக்கறான். ஒருத்தி போன்ல பேசறா. ஒரு ஜோடி பாட்டு நடுவுலயே கூடச் சேர்ந்து பாடுது! பாடறதுக்குத்தான் நிவேதன் இருக்கறான், இவங்க எதுக்கு? நான் திரும்பி, இப்படி விரல உதட்டுல வெச்சு, 'உஸ்ஸ்'ங்குவேன். அவ்வளவுதான். கிளினிக்ல பழகுன உஸ்ஸு, சும்மாவா?

கடைக்காரர்கிட்டச் சொல்லி, பாட்டு நடக்கறப்ப காஃபி மிஷின நிறுத்தவும் ஏற்பாடு பண்ணுனேன். அந்த மனுசனுக்கு என்மேல அத்தனை மரியாதை. நான் படியேறி வர்றதப் பார்த்தாலே உள்ள போயிருவாரு. கைதட்டறதும் பாட்டு முழுசா அடங்குனப்பறந்தான், அதுவும் மெதுவா. மொதல்ல முப்பது நாப்பது பேரு வந்துட்டு இருந்தாங்க. அப்பறம் சலிச்சுச் சலிச்சு, தரமான ஆளுக ஏழெட்டுப் பேரு மிஞ்சுனோம். கப்பியெல்லாம் போயிருச்சு. நிவேதன் ஒவ்வொரு தடவையும் மைக்குல, "ஹேமாக்கா இல்லாம எங்க கச்சேரியே இல்ல"ம்பான். சொல்றப்ப அவன் குரல் ஒரு மாதிரி ஆயிரும். நன்றியிலதான்.

ஒரு நிமிசம் சார், போன். ஹலோ... ஆமாங்க, டாக்டரம்மா இருக்காங்க. பல்லு ஆடுதுங்களா, பல் செட்டு ஆடுதுங்களா? செட்டுன்னா எடுத்து டப்பால போட்டுட்டு வந்துருங்க. சரிங்க.

எங்க விட்டேன்? ஆங். வைகாசி கடைசில இருக்கும், வெளிய நல்ல மழை. மழைக்கோட்டுப் போட்டுட்டு ஒரு புள்ள வந்து பின்னாடி நின்னா. தலையெல்லாம் மூடி, மூஞ்சி சரியாத் தெரியல. தரணி தனியாப் பெட்டி தட்டற எடம் ஒண்ணு வரும். அதுல இவ திடீர்னு வாய்க்குள்ளயே என்னமோ சொல்ல ஆரம்பிச்சா. அவன் தட்டற தட்டுக்கு ஏத்தாப்புல, வார்த்தை வார்த்தையா. தரணி தலையத் தூக்கிப் பார்த்தான். அவன் மூஞ்சில அப்படியொரு சிரிப்ப நான் பார்த்ததே இல்ல. இன்னும் வேகமாத் தட்டறான். அவளும் வேகமாச் சொல்றா. பின்னாடி ரெண்டு பேரு காலத் தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. கச்சேரியே கெட்டுப் போகற நெலைமை! திரும்புனேன். உஸ்ஸ்.

அவ நிறுத்திட்டா. அவனுக்கும் ஒரு தட்டு விட்டுப் போச்சு. இடைவேளைல நானே எந்திரிச்சுப் போய் நல்ல விதமாத்தான் சொன்னேன், "கண்ணு, பேசறதுன்னா கீழ போய்ப் பேசிட்டு வா"ன்னு. போனா. போனவ வரல. தரணி எளகுன மனசுக்காரன், மழைல போறாளேன்னு குடைய எடுத்துட்டுப் பின்னாடியே ஓடுனான். மழைக்கோட்டுப் போட்டவளுக்குக் குடை எதுக்குன்னு கேக்காதீங்க, அவன் சுபாவம் அப்படி. திரும்பி வர்றதுக்கு நெம்ப நேரமாச்சு. மிச்சக் கச்சேரி பெட்டி இல்லாமத்தான் நடந்துது.

இதுக்கும் அப்பறம் நடந்ததுக்கும் சம்பந்தமில்லீங்க. ஏன் சொல்றேன்னா, அன்னைக்கோட தரணி வாசிக்க வர்றத நிறுத்திட்டான்.

அடுத்த மாசம் போறேன், பெட்டி இல்ல, தரணி இல்ல. "எங்கடா அவன்?"னு கேட்டா, நிவேதன் தலையக் குனிஞ்சுட்டு, "ராப் குரூப்புல சேர்ந்துட்டான்க்கா"ங்கறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ராப்பு! பாட்டுல பாட்டே இருக்காதே சார். ரேஷன் கடைல பாமாயில் தீந்துபோச்சுன்னா ஒரு சத்தம் கேக்குமே, அதுக்கு டிரம்ஸ் வெச்ச மாதிரி. என்ன சொல்லி மயக்குனாங்களோ, எங்க வெச்சுப் பிடிச்சாங்களோ நம்ம பையன!

அதோட விட்டானா நிவேதன்? "எனக்கு பெங்களூர்ல வேலை கெடைச்சிருக்குதுக்கா. இந்த பேண்டுக்காகத்தான் தள்ளிப் போட்டுட்டு இருந்தேன். தரணி இல்லாம எனக்கு ஓடல. ஆடி கடைசி ஞாயித்துக்கெழமையோட முடிச்சுக்கலாம்னு இருக்கறோம்"ங்கறான். ஷெரின் அக்கட்டத் திரும்பி நின்னு வயரச் சுத்திட்டு இருந்தா. அழுதாளோ என்னமோ.

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. மாசத்துல எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு பொழுதுதானுங்க சார். அதுவும் போயிட்டா மத்த நாளையெல்லாம் எதுக்குன்னு ஓட்டறது? காலைல எந்திரிச்சதும் நிவேதனுக்குப் போன் போட்டேன். "நான் நேர்ல போய் அவனக் கூட்டிட்டு வர்றேன்"னேன். அவன் பதறிட்டான். "வேண்டாங்க்கா, நீங்க போகாதீங்க, தயவுசெஞ்சு போகாதீங்க"ன்னு அத்தனை தடவை சொல்றான். கூட்டத்துல எனக்கு ஒண்ணு ஆயிரும்னு பயம். அந்த அளவுக்குப் பாசம்.

போனேன். ஒண்டிப்புதூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல அவங்க கச்சேரின்னு போஸ்டர் ஒட்டியிருந்துது. ஆடி மாசத்துல எவன் கல்யாணம் வெக்கறான்? மண்டபமெல்லாம் ஈயோட்டிட்டுக் கெடக்கும். அந்த நேரம் பார்த்து இந்தப் பசங்க எடுத்துட்டாங்க. வாசல்ல வாட்ச்மேன் பெரியவரு பழக்க தோசத்துல கைகூப்பி, "பொண்ணு வீடுங்களா, மாப்பிள்ளை வீடுங்களா?"ன்னாரு. "டிரம்மர் வீடு"ன்னுட்டு உள்ள போனேன்.

சிரிக்காதீங்க சார், சிரிச்சா பஞ்சு வந்துரும். சிரிப்பு வந்தா மூக்கால சிரிங்க.

உள்ள பார்த்தா, மேடைல மணவறை அப்படியே இருக்குது. தெர்மோகோல் அன்னப்பறவை ரெண்டு பக்கமும். நாதஸ்வரக்காரங்க உக்கார்ற எடத்துல ஆள் ஒசர ஸ்பீக்கர். நானூறு பேரு இருப்பாங்க, அத்தனையும் சின்னஞ்சிறுசுக. தொளதொளன்னு பனியன், ரெண்டு பேரு நுழையற அளவுக்கு. உக்கார ஒரு நாற்காலி இல்ல! எல்லாத்தையும் மூலைல அடுக்கி வெச்சிருக்காங்க. நான் ஒண்ண உருவிட்டு வந்து மேடைக்கு நேரா, முன்னாடி போட்டு உக்காந்தேன். பாட்டுன்னா உக்காந்துதானுங்க கேக்கோணும். பக்கத்துல சுருட்டைமுடிப் பையன் ஒருத்தன், "அக்கா, இங்க சேர் போடாதீங்க, தள்ளி விட்டுருவாங்க"ன்னான். "யாரு தள்ளறா, பார்க்கறேன்"னேன். அவன் போய் எனக்குத் தண்ணி பாட்டில் வாங்கிட்டு வந்து கொடுத்தான். யாரோ பாடறவங்களோட அம்மான்னு நெனைச்சிருப்பான் போல.

தரணி மேடைல பின்னாடி இருந்தான். என்னமோ பட்டன் பட்டனா ஒரு மிஷினு, பக்கத்துல நம்ம பெட்டி. என்னப் பார்த்தான். பார்த்ததும் மூஞ்சி வெளுத்துப் போச்சு. பாசமுள்ள பையன், திடீர்னு பார்த்ததுல அப்படி ஆயிட்டான்.

ராப் பாடறவன்னா கழுத்துல தாம்புக்கயிறாட்ட சங்கிலி போட்டுட்டு வருவான்னு இருந்தேன். வந்தது ஒரு பொண்ணு! சாதா சுடிதாரு, கேன்வாஸ் ஷூவு. 'எம்.சி. குண்டூசி'ன்னு மேடைப் பேரு. நெசப் பேரு சுகுணப்பிரியான்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. எங்கயோ பார்த்த மூஞ்சியாட்ட இருந்துது. நம்ம கிளினிக்குக்கு வந்திருப்பான்னு நெனைச்சேன், ஆனா பல்லு அத்தனையும் வரிசையா இருந்துது.

ஆரம்பிச்சாங்க பாருங்க, நெஞ்சுக்கூடே அதிருது. இங்க எக்ஸ்ரே எடுக்கறப்ப போடுவோமே, அந்தக் கவசத்தப் போட்டுட்டு வந்திருக்கலாம். மொதல்ல ஒரு வார்த்தையும் புரியல. அப்பறம் சித்த நேரத்துல காது பழகிருச்சு. அவங்கம்மா மில்லுல நூல் ஓட்டறது, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அப்படியே சமைக்கறது, பஸ்ஸுல நின்னுட்டே தூங்கறது, எல்லாத்தையும் சொல்றா. நம்ம வீட்டுக்கு வந்து பார்த்தவ மாதிரி. மூச்சு எப்ப விடறான்னே தெரியல. நல்லாத்தான் இருந்துது. நான் ஒத்துக்கல. ஆனா காலு தானா ஆடுதுங்க! நான் நாற்காலிக் காலோட என் காலப் பின்னிட்டு உக்காந்துட்டேன்.

நடுவுல அவ மைக்குல, "எல்லாரும் பின்னாடி போங்க, நடுவுல எடம் விடுங்க!"ன்னா. சொன்னதுதான் தாமதம், அத்தனை பேரும் ஒதுங்கறாங்க. மண்டபத்து நடுவுல வட்டமாப் பெரிய எடம், ஈ காக்கா இல்ல. அட, எத்தனை மரியாதை தெரிஞ்ச பசங்கன்னு நெனைச்சேன். இந்த அக்காளுக்கு நல்லாக் கேக்கோணும்னு ஒதுங்கறாங்களேன்னு மனசு நெறைஞ்சு போச்சு. நாற்காலியத் தூக்கிட்டுப் போய் நடு மத்தில போட்டு உக்காந்து, முந்தானையச் சரி பண்ணிட்டு, ஆரம்பிங்கன்னு தலைய ஆட்டுனேன்.

அது எதுக்குன்னு விட்ட எடம் தெரியுங்களா? பாட்டு உச்சத்துக்குப் போறப்ப நாலு பக்கத்துல இருந்தும் ஓடி வந்து ஒருத்தர் மேல ஒருத்தர் குதிக்கறதுக்காமா! யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?

மண்டபமே கப்சிப். அப்பறம் ஓன்னு ஒரு சத்தம். அந்தச் சுருட்டைமுடி என்னக் கூப்பிட ஓடி வர்றான். அந்தப் பொண்ணு மேடைல இருந்தே, "விடு, அக்கா அங்கயே இருக்கட்டும்"ன்னா. என்ன ஒரு மாதிரி உத்துப் பார்த்தா. தரணியத் திரும்பிப் பார்த்தா. அவன் வேண்டாம் வேண்டாம்னு ரெண்டு கையையும் ஆட்டறான். அவ சிரிச்சுட்டே எறங்கி வந்து, என் நாற்காலியச் சுத்தி நடந்துட்டே ஒரு பாட்டு எடுத்தா பாருங்க. எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு.

'முன் சீட்டுல ஒரு அக்கா, மூச்சு விட்டா முறைப்பா,
முதுகுலயும் கண்ணு வெச்சு மூலையெல்லாம் அளப்பா.
பாட்டுக் கேக்கப் போனேன், அது பரீட்சை ஹாலாட்டம்,
தும்மல் வந்தா முழுங்கிட்டேன், தொண்டைக்குள்ள போராட்டம்!'

எனக்குச் சிரிப்பு தாங்கல. இப்படி ஆளுக இருக்காங்க சார்! தியேட்டர்ல பார்த்திருப்பீங்க, கோயில்ல பார்த்திருப்பீங்க. எல்லாரையும் மெரட்டிட்டு, என்னமோ அவங்கதான் குத்தகைக்கு எடுத்த மாதிரி. அந்தப் பொண்ணு எங்கயோ ஒருத்தியப் பார்த்து, அப்படியே உரிச்சு வெச்சிருக்கறா. நான் தொடையத் தட்டித் தட்டிச் சிரிக்கறேன். நான் சிரிக்கச் சிரிக்க அவளுக்கும் பாட முடியாமச் சிரிப்பு. தரணி ரெண்டு கையையும் தலைல வெச்சுட்டு உக்காந்திருக்கறான்.

அப்பறம் கூட்டத்தோட சேர்ந்து வர்ற எடம். அவ 'பாடாத'ம்பா, அத்தனை பேரும் 'உஸ்ஸ்'. 'ஆடாத'ம்பா, 'உஸ்ஸ்'. 'பேசாத', 'உஸ்ஸ்'. அதுக்கப்பறம் 'அட, நீ யாரு சொல்றதுக்கு!'ன்னு அவ சொல்லோணும். ஆனா பசங்க கத்தற கத்துல அவ வார்த்தை எனக்குக் கேக்கவே இல்ல. நல்ல எடம் சார் அது, அதப் போய்க் கெடுக்கறாங்களே! எனக்குக் கோவம் வந்துருச்சு. எந்திரிச்சு, நாலு பக்கமும் திரும்பி, விரல வெச்சு, 'உஸ்ஸ்ஸ்ஸ்'ன்னேன். அவ மைக்க நேரா என் வாய்கிட்ட நீட்டிட்டா.

நானூறு பேரும் அடங்கிட்டாங்க சார். ஃபேன் சுத்தற சத்தம் கேக்குது. வாசல்ல வாட்ச்மேன் இருமறது கேக்குது. இங்க நாலு பேர அடக்கறதுக்கு நான் படற பாடு உங்களுக்குத் தெரியுமே! அந்த அமைதில தரணி பெட்டில ஒரே ஒரு தட்டுத் தட்டுனான்.

அவ்வளவுதான். நாலு பக்கமும் திமுதிமுன்னு ஓடி வர்றாங்க. செத்தேன்னு கண்ண மூடிட்டேன். அந்தச் சுருட்டைமுடியும் இன்னும் நாலஞ்சு பேரும் என்ன நாற்காலில உக்கார வெச்சு அப்படியே தூக்கிட்டாங்க. தேர்ல சாமி போகுமே, அந்த மாதிரி மண்டபத்தச் சுத்தி வர்றேன். கீழ நானூறு பேரும் என்னப் பார்த்து விரல வெச்சு உஸ்ஸு, உஸ்ஸுங்கறாங்க. நான் கத்துனேன். மொத ரவுண்டு பயத்துல கத்துனேன். அப்பறம்... அப்பறமும் கத்துனேன்.

சரி, வந்த வேலைக்கு வருவோம். எல்லாம் முடிஞ்சு பந்தி நடக்கற ஹால்ல டீ கொடுத்தாங்க. தரணியும் சுகுணாவும் என்கிட்ட வந்தாங்க. ரெண்டு பேரும் பயந்த மாதிரி நிக்கறாங்க.

"அக்கா, கோவமா?"ங்கறான்.

"எதுக்குடா கோவம்? பாட்டு அருமை. யாருடா அந்த முன் சீட்டு அக்கா?"

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கறாங்க. சுகுணா, "அது... பொதுவா ஒரு அக்காங்க்கா"ன்னா.

"எங்கயாச்சும் பார்த்தீன்னா என்கிட்டச் சொல்லு கண்ணு. நான் நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கறேன். புள்ளைக ஆசையாப் பாட்டுக் கேக்க வந்தா, வாய அடைக்கறதுக்கு இவ யாரு?"

அவ என் கையப் பிடிச்சுட்டா. "வேண்டாங்க்கா. அவங்க நல்ல அக்கா. பாட்டு மேல இருக்கற ஆசைலதான் அப்படிப் பண்ணிட்டாங்க. எனக்கு இப்ப அவங்களப் பிடிச்சுப் போச்சு"ன்னா. எத்தனை பெரிய மனசு பாருங்க. நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்.

அப்பறம் தரணிகிட்ட விசயத்தச் சொன்னேன். நிவேதன் பெங்களூர் போறது, ஷெரின் அழுதது, எல்லாம். "நீ வாடா"ன்னேன். அவன் டீ டம்ளரையே பார்த்துட்டு நின்னான்.

"அங்க வாசிக்கறப்ப எதிர்ல ஆளு இருக்கற மாதிரியே தெரியறதில்லக்கா. கெணத்துல கல்லப் போட்டா ஒரு சத்தமாச்சும் வரும். அங்க அதுகூட வரல."

"நாங்க அத்தனை கவனமாக் கேக்கறோம்டா!"

"அதுதான்க்கா"ன்னான்.

எனக்குப் புரியல. ஆனா அழுகை வந்துருச்சு. அத்தனை புள்ளைகளுக்கு முன்னாடி அழுதுட்டேன். "எனக்கு மாசத்துல அந்த ஒரு பொழுதுதான்டா இருக்குது. நீ வரலீன்னா அதும் இல்ல. எனக்குப் பாடத் தெரியாது, தட்டத் தெரியாது, கேக்கத்தான் தெரியும். கேக்கறதுக்கு ஒண்ணுமில்லீன்னா நான் என்னடா பண்றது?"ன்னேன். இத்தனையும் சொல்லோணும்னு போகல சார். வாயில வந்துருச்சு.

தரணி தலைய நிமுந்து பார்த்தான். அவன் கண்ணும் கலங்கிருச்சு. "வர்றேன்க்கா. ஆனா இவளும் வருவா. இவ கூட்டாளிகளும் வருவாங்க. சத்தமா இருக்கும்"ன்னான்.

"இருந்துட்டுப் போகட்டும்"ன்னேன். வேற என்ன சொல்றது, பையன் வரோணுமே.

நேத்துத்தான் சார் ஆடி கடைசி ஞாயித்துக்கெழமை. போய்ப் பார்க்கறேன், மாடிப்படி வரைக்கும் ஆளுக! ஒண்டிப்புதூர்க் கூட்டம் பாதி அங்க நிக்குது. என்னப் பார்த்ததும் விரல உதட்டுல வெச்சு வணக்கம் சொல்றாங்க, அதென்ன மொறையோ. கடைக்காரரு என்னப் பார்த்து உள்ள போகல, காஃபி போட நேரமில்லாம ஓடிட்டு இருக்காரு. மிஷினு பாட்டுக்கு புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் போடுது, யாரும் கண்டுக்கல. என் நாற்காலில மாசமா இருக்கற புள்ள ஒருத்தி உக்காந்திருந்தா. அவள எப்படி எந்திரிக்கச் சொல்றது? பின்னாடி கை கழுவற எடத்துக்கிட்டப் போய் நின்னுட்டேன். மொத தடவையா.

தரணி பெட்டி மேல உக்காந்தான். மொதத் தட்டுக்கே கூட்டம் ஹோய்ங்குது. அவன் சிரிக்கறான். மழை பேஞ்ச அன்னைக்குச் சிரிச்சானே, அதே சிரிப்பு. நடுவுல சுகுணா எந்திரிச்சு அவன் தட்டற தட்டுக்கு நாலு வரி சொன்னா, நிவேதன் அதுக்குக் கிட்டார் போட்டான். நல்லா இருந்துது. இப்பிடி ஒண்ணு பண்ணலாம்னு யாருக்கும் இத்தனை நாளா ஏன் தோணல?

கடைசிப் பாட்டுக்கு முன்னாடி நிவேதன் மைக்கப் பிடிச்சான். "இன்னிக்கு எங்க கடைசி கச்சேரின்னு சொல்லியிருந்தேன். பெங்களூருக்கும் கோயமுத்தூருக்கும் நடுவுல ரயில் ஓடுதுன்னு இப்பத்தான் ஞாபகம் வந்துது. மாசாமாசம் வர்றேன்"ன்னான். மாடியே இடிஞ்சு விழற மாதிரி கத்தறாங்க. ஷெரின் மொத தடவையா வாய் விட்டுச் சிரிச்சா.

அப்பறம் 'கொடிக்கயிறு' ஆரம்பிச்சான். 'இன்னும் காயல'ங்கறதுக்குள்ள எல்லாரும் கூடப் பாட ஆரம்பிச்சுட்டாங்க. என் கை தானா உதட்டுக்குப் போச்சு சார், பொய் சொல்லல. போன கை அங்கயே நின்னுட்டுது. ஏன்னா உள்ள இருந்து என் குரலும் வருது! ரெண்டு வருசமா அந்தப் பாட்டு வார்த்தை விடாம என் வாய்க்குள்ள இருந்திருக்குது, நான் ஒரு தடவைகூட வெளிய விட்டதில்ல. எங்கப்பாவுக்கு வீட்டுல பொம்பளைப் புள்ளைக பாடுனா ஆகாது. பாத்திரம் கழுவறப்ப ஒரு வரி முணுமுணுத்தாலும், "அங்கென்ன சத்தம்?"ம்பாரு. அதுல நின்னு போனதுதான்.

நேத்து வந்துது. காக்காக் குரல் சார் எனக்கு. சுதியாவது ஒண்ணாவது. நிவேதன் எங்கயோ போறான், நான் எங்கயோ போறேன். முன்னாடி நின்னவங்கெல்லாம் யாரு இதுன்னு திரும்பிப் பார்க்கறாங்க. நிவேதனே பாடறத விட்டுட்டுப் பார்க்கறான். எனக்கு உசிரே போயிருச்சு. டக்குனு வாய மூடிட்டேன்.

சுகுணா கூட்டத்த வெலக்கிட்டு என்கிட்ட வர்றா. திட்டப் போறான்னே நெனைச்சேன். வந்து என் தோள்மேல கையப் போட்டு, "அக்கா, நிறுத்தாதீங்க"ன்னா.

நாப்பத்தஞ்சு வயசாச்சுங்க சார் எனக்கு. சும்மா இருன்னு சொன்ன ஆளுக எத்தனையோ பேரு. நிறுத்தாதேன்னு என்னப் பார்த்து ஒருத்தி சொன்னது அதுதான் மொத தடவை.

அப்பறமென்ன, பாடுனேன். கேவலமாத்தான் பாடுனேன். கீழ வண்டி நிறுத்தற எடம் வரைக்கும் கேட்டுதாமா.